வாய் படாத பிப்பெட்

ஏசுதாஸ் பார்த்த வேலைக்கு உத்திரமேரூர் வட்டாரத்தில் பெயரே கிடையாது. அரசாங்க உத்தரவில் ‘பாட அமைப்பு அலுவலர்’ என்று போட்டிருந்தது. கல்லூரியில் ‘சார்ட் சார்’ என்றார்கள். காவாந்தண்டலம் காலனியில் அவருடைய அம்மா, “எம்புள்ள வாத்தியாருங்களுக்கே வாத்தியாரு” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “எம்மா, சும்மா கெட. காலேஜில கேட்டா சிரிப்பானுங்க” என்பார்.

வேலை இதுதான். பேராசிரியர் பாடம் நடத்தும்போது இவர் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பேராசிரியரோடு உட்கார்ந்து, எதை முதலில் சொல்வது, எதைச் செய்து காட்டுவது, எப்படிப் பழக்குவது, தேர்வில் எதைக் கேட்பது என்று பாடத்தைக் கலைத்து மறுபடி கட்ட வேண்டும். இதற்கென்று சென்னையில் பயிற்சி எடுத்துவிட்டு, எண்பத்து மூன்றாம் வருஷம், ஏரிக்குத் தெற்கே இருந்த அந்தத் தனியார் கல்லூரிக்கு ஒரு திட்டத்தின் கீழ் வந்து சேர்ந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, எந்தப் பேராசிரியருக்கும் தன் பாடத்தில் ஒருவன் கை வைப்பது பிடிக்காது என்று. அதிலும் காலனியிலிருந்து சைக்கிளில் வருகிற ஏசுதாஸ் கை வைப்பது சுத்தமாகப் பிடிக்காது. நேராகச் சொல்ல முடியாமல், பிரிவு உபசார விழாவுக்குத் தெர்மாகோல் எழுத்து வெட்டித் தரச் சொல்வார்கள். வெட்டித் தந்தார். ஒவ்வொரு எழுத்தையும் வெட்டும்போது யாராவது ஒருவர் முகத்தை நினைத்துக்கொள்வார்.

ஏசுதாஸுக்கு மூக்குமேல் கோபம். ஆனால் கோபம் வந்தால் கத்த மாட்டார், குரல் இறங்கிவிடும். அது தெரியாதவர்கள் அவரைச் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேதியியல் துறைத் தலைவர் வேதகிரி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வேதகிரி நல்ல பேச்சுக்காரர். அவர் வகுப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலோரம் நின்று கேட்பார்கள். அது பொய்யில்லை.

“ஏசுதாஸ், டைட்ரேஷன் எப்படிப் பண்றதுன்னு பெரிசா ஒரு சார்ட் போட்டுக் குடுங்க. காலனிப் பசங்க வருசா வருசம் பிராக்டிகல்ல பெயிலாவுறாங்க. தியரி நல்லாத்தான் எழுதுறாங்க. கைதான் வரமாட்டேங்குது. இன்னா பண்றது, பரம்பரையா ஏர் புடிச்ச கை.”

யாருடைய நிலத்தில் ஏர் பிடித்த கை என்று வேதகிரி சொல்லவில்லை. அவர் குடும்பத்துக்குத் திருப்புலிவனத்தில் இருந்த நஞ்சை எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். ஏசுதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சரியென்றார். சார்ட்டும் போட்டார். அதை ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை.

அப்போதுதான் அவர் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். வாத்தியாரைப் பார்க்கவில்லை, சார்ட்டைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கைகளை மட்டும் பார்த்தார்.

ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவெடுக்கிற டைட்ரேஷனுக்கு முக்கியம் பிப்பெட். நடுவில் வயிறு பருத்த ஒரு கண்ணாடிக் குழாய். கீழ்முனையைக் கரைசலில் முக்கி, மேல்முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். கோட்டைத் தாண்டிக் கரைசல் ஏறியதும் சட்டென்று வாயை எடுத்து விரலால் மூட வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் வாய் முழுக்கக் கரைசல். அப்படி நாலைந்து தடவை காறித் துப்பியவனுக்குத்தான் அந்த வேலை படியும். படிக்காமல் வேண்டுமானால் பாஸ் பண்ணலாம், துப்பாமல் முடியாது.

ஒரு மேசைக்கு நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பிப்பெட். ஒருவன் உறிஞ்சுவான், ஒருவன் குடுவையைக் குலுக்குவான், ஒருவன் மேலே தாங்கியில் நிற்கிற நீளக் குழாயில் அளவு பார்த்துச் சொல்வான், ஒருவர் நோட்டில் எழுதுவார். உறிஞ்சுகிற ஆள் வாராவாரம் மாறிக்கொண்டே இருந்தான். எழுதுகிற ஆள் மாறவில்லை. மேசைக்கு மேசை பார்த்தார். எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருமே காலனிப் பிள்ளைகள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் அம்முலுவைக் கூப்பிட்டார். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அவர் தெருவுக்கு அடுத்த தெரு.

“நீ இன்னிக்கி பிப்பெட்டத் தொடவே இல்லியே?”

“நான் ரீடிங் எய்தறேன் சார்.”

“தெனமும் நீதான் எய்துவியா?”

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “எங்க வாயி பட்டா அப்பறம் அவங்க வெக்க மாட்டாங்க சார். மேசைக்கு ஒண்ணுதான கீது. மொத வருசமே இப்பிடி ஆயிப்போச்சி. யாரும் வாணாம்னு வாயத் தொறந்து சொல்லல. நாங்களே தள்ளி நின்னுக்கினோம்.”

“வேதகிரி சாருக்குத் தெரியுமா?”

“அவுரு தெனமும் பாத்துக்கினுதான கீறாரு.”

ஏசுதாஸின் குரல் இறங்கியது. “பரீட்சையில உனுக்குத் தனி மேசை போடுவாங்க. அன்னிக்கி இன்னா பண்ணுவ?”

“எங்க அண்ணன் இன்னா பண்ணுச்சோ அதான்” என்றாள் அம்முலு. அவள் அண்ணன் முனியனும் இதே கூடத்தில் படித்தவன்தான். வாழ்நாளில் முதல் தடவையாகப் பரீட்சையன்று பிப்பெட்டை வாயில் வைத்து, கரைசலை விழுங்கி, கை உதறி, பெயிலானான். மறுபடி எழுதி மறுபடியும் பெயிலானான். இப்போது செங்கல் சூளையில் இருக்கிறான். “அவன் கூலிலதான் சார் நான் படிக்கறேன். நானும் பெயிலாயிட்டன்னா அவன் பக்கத்துலயே குந்திக்கினு கல்லு அறுக்க வேண்டியதுதான்.”

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஏசுதாஸ் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்று போயிற்று. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருக்கிறான் என்றால், அவன் படிக்காதவன், போகிறான் என்று அவன் கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம். இங்கே எம்.எஸ்ஸி. படித்தவர் கண் முன்னால், கண்ணாடிக் குழாயில், பாடத்தின் பெயரால் அதே வேலை நடக்கிறது. அதற்குத் தன் கையாலேயே ஒரு சார்ட் வேறு போட்டுத் தந்திருக்கிறார். சார்ட்டில் முதல் வரி, ‘பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சவும்’. நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் வேதகிரியிடம் போய், “சார், கை வரலன்னு சொன்னீங்களே, அதுங்க கையில எதுவும் குடுக்கவே இல்லியே சார்” என்றார்.

வேதகிரிக்கு முகம் சுருங்கியது. “நான் சாதி பாக்கறவன் இல்ல ஏசுதாஸ். பசங்க அவங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிக்கினாங்க. அதுல நான் எங்க பூந்து பேசறது? ஊர் பொல்லாப்பு வரும்.”

“பாடம் எப்பிடி நடக்கணும்னு நீங்கதான் சார் சொல்லணும். ஊரா சொல்லும்?”

வேதகிரி எழுந்து கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏசுதாஸ் விடவில்லை. செய்முறை வகுப்பையே மாற்றி எழுதினார். இனிமேல் கூட்டு வேலை கிடையாது, ஒவ்வொருவரும் முதலிலிருந்து கடைசிவரை தானே செய்ய வேண்டும், அதற்கு ஆளுக்கொரு பிப்பெட் வேண்டும். முதல்வர் முத்துகிருஷ்ணனுக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில் ‘உபகரணப் பற்றாக்குறை’ என்று மட்டும் காரணம் சொன்னார். சாதி என்று எழுதினால் காகிதம் மேசையை விட்டு நகராது என்று அவருக்கு ஒரு கணக்கு. கோபக்காரன் ஒரே ஒரு தடவை நைச்சியமாக நடந்துகொள்ளப் பார்த்தான், அதுவே அவன் தலையில் விடிந்தது.

முத்துகிருஷ்ணன் ஒரு வார்த்தை மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஏசுதாஸ் சந்தோஷப்பட்டார்.

பொங்கல் கழித்துக் கல்லூரி திறந்த அன்று புதுப் பிப்பெட்டுகள் வந்திருந்தன. கதவோரத்தில் தனியாக ஒரு சின்ன அலமாரி. அதில் வரிசையாக நின்றிருந்த ஒவ்வொரு பிப்பெட்டின் மேல்முனையிலும் சிவப்புப் பட்டை. ஆய்வுக்கூட உதவியாளர் கன்னியப்பன் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

“இது இன்னாங்க கன்னியப்பன்?”

“இது காலனிப் பசங்களுக்கு சார். பிரின்சிபல் அய்யா சொன்னாரு. கலந்துடாம இருக்கறதுக்கு நாந்தான் பட்ட போட்டன். மாட்டுக் கொம்புக்கு அடிச்ச பெயின்ட்டு வூட்ல மீந்து கெடந்துச்சி. நீங்க கேட்டதுதான சார் இது?”

ஏசுதாஸ் ஒரு பிப்பெட்டைக் கையில் எடுத்தார். சுவரில் அடித்தால் தூள் தூளாகும். அடிக்கத்தான் ஓங்கினார். கன்னியப்பன் பதறிப்போய், “சார், ஒடஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்க சார்” என்றார். ஓங்கிய கை இறங்கியது. நேராக முதல்வர் அறைக்குப் போனார்.

“ஆளுக்கொண்ணு கேட்டேன் சார். சாதிக்கொண்ணு கேக்கல.”

முத்துகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உக்காருங்க. அவங்களுக்கும் பழக ஒரு வழி ஆச்சு, மத்தவங்களுக்கும் சங்கடம் இல்ல. ரெண்டு தரப்புக்கும் நல்லதுதானே?”

“டீக்கடையில தனி கிளாஸ் வெக்கறானே, அவனும் இதத்தான் சார் சொல்றான்.”

“உங்க போஸ்ட்டு வருசா வருசம் புதுப்பிக்கிற போஸ்ட்டு, ஏசுதாஸ். ஞாபகம் இருக்கட்டும்” என்று முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

ஏசுதாஸ் முடிவு செய்துவிட்டார். போஸ்ட்டாவது மண்ணாங்கட்டியாவது. காலனிப் பிள்ளைகள் ஒருவர்கூட அந்தப் பிப்பெட்டைத் தொடக் கூடாது, எல்லாரும் வெளியே வந்து வாசலில் உட்காரட்டும், பத்திரிகைக்காரனுக்குச் சொல்லி அனுப்பலாம். சாயங்காலம் அம்முலு வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார்.

அம்முலு தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். “பரிச்சைக்கி இன்னும் எத்தினி நாள் கீது சார்?”

“அதுக்கில்ல அம்முலு, மானம்னு ஒண்ணு...”

“மானம் எனுக்கும் கீது சார். அந்த செவப்பப் பாக்கறப்ப எனுக்கும் வயிறு எரியுது. ஆனா ரெண்டு வருசத்துல மொத தபா என் கையில பிப்பெட்டு வந்துகீது. அத்தக் கீழ வெக்கச் சொல்றீங்களே. நீங்க படிச்சி முடிச்சிட்டீங்க. உங்க கோவத்துக்கு நான் பரிச்சைய விட முடியாது சார். முடிஞ்சா சொல்லிக் குடுங்க. இல்லன்னா வுடுங்க.”

பெற்ற அப்பன் பேசியிருந்தால்கூட ஏசுதாஸ் வாயை மூடியிருக்க மாட்டார். அன்றைக்கு மூடிக்கொண்டார். அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அதுவே அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் முதல் கடைசி மணி அடித்த பிறகு சிவப்புப் பட்டை பிப்பெட்டுகளை வைத்துக்கொண்டே பாடம் நடந்தது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். முதல் வாரம் முழுக்க வெறும் தண்ணீர்தான், உறிஞ்சி மூடு, உறிஞ்சி மூடு. பிறகு உப்புத் தண்ணீர். துப்பினார்கள், இருமினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான கரைசல், கடைசியாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்துவது. அவர் ஒரு தடவைகூடப் ‘பரவாயில்ல’ என்று சொல்லவில்லை. “மறுபடி” என்பார். அவ்வளவுதான். வேதகிரி இரண்டு முறை கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமல் போனார்.

ஏப்ரலில் பரீட்சை. மேற்பார்வைக்கு ஆள் போதவில்லை என்று ஏசுதாஸையும் கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். காலையில் கன்னியப்பன் பதிவெண் வரிசையைப் பார்த்து, காலனிப் பிள்ளைகள் வரப்போகிற பின் மேசைகளில் சிவப்புப் பட்டையும் மற்ற மேசைகளில் சாதாரணப் பிப்பெட்டும் வைத்துவிட்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான அம்மாள். பஸ்ஸில் வந்த களைப்போடு உள்ளே நுழைந்தவர், பதிவெண் வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, மேசை எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். அவருக்கு அது வழக்கமாம்.

குலுக்கலில் அம்முலுவுக்கு முன்வரிசை வந்தது. திருப்புலிவனத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை சின்னராசுவுக்குப் பின் மேசை. சின்னராசுவின் அப்பா கல்லூரிக் கமிட்டியில் இருந்தார். அந்த வகுப்பிலேயே நல்ல கைத்தேர்ச்சி உள்ளவன் சின்னராசுதான். வாராவாரம் உறிஞ்சிப் பழகியவன் ஆயிற்றே.

கன்னியப்பன் விறுவிறுவென்று பிப்பெட்டுகளை மாற்றப் போனார்.

“யாரும் எதையும் தொடக் கூடாது” என்றார் தேர்வாளர். “மேசையில் இருக்கிறதை வைத்துத்தான் செய்யணும்.”

சின்னராசு சிவப்புப் பட்டையைப் பார்த்தான். குழாயடிக்குப் போய்க் கழுவினான். திரும்பி வந்து, மறுபடி போய்க் கழுவினான். பிறகு கையைத் தூக்கினான். “மேடம், வேற பிப்பெட் வேணும்.”

“ஏன், உடைஞ்சிருக்கா?”

“இல்ல மேடம்.”

“அழுக்கா?”

“கழுவிட்டேன் மேடம்.”

“அப்புறம் என்ன? காரணத்தைச் சொல்லு, தரச் சொல்றேன்.”

கூடம் முழுக்க எல்லாருக்கும் காரணம் தெரியும். வேதகிரிக்குத் தெரியும், கன்னியப்பனுக்குத் தெரியும், முன்வரிசையில் தலை நிமிராமல் உறிஞ்சிக்கொண்டிருந்த அம்முலுவுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் வாயைத் திறந்து சொல்லத் தேவையே இல்லாமல் நடந்த விஷயம். இப்போது வெளியூர் அம்மாள் ஒருத்தி கேட்கிறாள், சொல்ல வேண்டும். சின்னராசு வேதகிரியைப் பார்த்தான். வேதகிரி ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரத்தில் வேதகிரி ஒரு வார்த்தை, ‘வாயில் வைடா’ என்று சொல்லியிருக்கலாம். அவன் வைத்திருப்பான். பையன் பெயிலானாலும் பரவாயில்லை, அந்த வார்த்தை மட்டும் அவர் வாயில் வரக் கூடாது. அவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஏசுதாஸுக்குத் தேர்வாளர் பக்கம் போய்க் காரணத்தைத் தானே உரக்கச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அம்முலுவின் பரீட்சை நின்றுவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சின்னராசு கடைசியில் அளவு ஜாடியால் கரைசலை ஊற்றிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது. மணி அடித்தபோது அவன் தாள் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அம்முலுவின் குடுவையில் லேசான ரோஜா நிறம் கலையாமல் நின்றது. தேர்வாளர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

ஜூனில் முடிவு வந்தது. அம்முலு பாஸ். அவளோடு பழகிய காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். சின்னராசு பெயிலாகிவிட்டான். அந்த வாரமே கமிட்டி கூடியது. அடுத்த வாரம் வேதகிரியின் மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டி நிறைய ரப்பர் பல்புகள். பிப்பெட்டின் தலையில் மாட்டி ஒரு அமுக்கு அமுக்கி விட்டால் கரைசல் தானாக ஏறும். வாயே வைக்க வேண்டாம்.

வேதகிரி ஏசுதாஸைக் கூப்பிட்டு ஒன்றை அமுக்கிக் காட்டினார். “பாத்தீங்களா? இனிமே யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்ல. மெட்ராஸ்ல பல வருசமா விக்கறானாம். இத எப்படி யூஸ் பண்றதுன்னு ஒரு சார்ட் மட்டும் போட்டுடுங்க.”

ஏசுதாஸின் குரல் தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியது. “எங்க பசங்க வருசா வருசம் பெயிலானாங்களே சார். அப்ப மெட்ராஸுக்கு பஸ்ஸு ஓடலியா?”

வேதகிரி பல்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, “வகுப்புக்கு நேரமாச்சு” என்று எழுந்தார். கல்லூரி திறக்க இன்னும் பத்து நாளுக்குமேல் இருந்தது.

அம்முலு மார்க் பட்டியல் வாங்க வந்தவள், ஏசுதாஸைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்துப் பிப்பெட்டில் மாட்டிக் காட்டினார். அவள் வாங்கி அமுக்கிக் கரைசலில் முக்கிப் பிடியைத் தளர்த்தினாள். கரைசல் ஏறியது. அமுக்கினாள், இறங்கியது. மறுபடி தளர்த்தினாள், ஏறியது. இத்தனை நாளும் அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன அவள் முகம், அப்போதுதான் கறுத்தது.

“இம்மாத்துண்டு ரப்பரா சார்?”

“ம்.”

“இத்த நான் ஒண்ணு எடுத்துக்கினு போறேன்.”

“எதுக்கு?”

“எங்க அண்ணங்கிட்ட காட்டணும் சார். அது இன்னும் தன் கையத்தான் திட்டிக்கினு கீது.”

ஏசுதாஸ் பெட்டியையே அவள் பக்கம் தள்ளினார்.